வண்ணத்துப்பூச்சிக்குத் தோட்டம், கறிவேப்பிலைக்குக் கோடரி

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ரிப்பன், கத்தரிக்கோல், ஒரே நிற டீ-சட்டைகள், பின்னால் புத்தம் புதிய வண்ணத்துப்பூச்சித் தோட்டம். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள். நம் சிங்கப்பூர் அடுக்குமாடிப் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு விழுந்த கட்டைவிரல்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. அதில் என்னுடையது இல்லை.

படத்தின் இடது ஓரம், இட்லிப்பூச் செடிகளுக்குப் பக்கத்தில் புது மண் கொட்டி மூடிய வட்டம் தெரிகிறதா? என் கறிவேப்பிலை மரம் நின்ற இடம் அது. அதை வெட்டியதைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன்பே இங்கே புலம்பிவிட்டேன், மறுபடி வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒருவர் வந்து, "ஒரு கறிவேப்பிலைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்காக மறுபடியும்.

வண்ணத்துப்பூச்சி பூவுக்கு வருவது தேன் குடிக்க. முட்டையிட இலைதான் வேண்டும், அதுவும் தன் புழு தின்னும் இலையாகப் பார்த்துத்தான் இடும். தோட்டப் பலகையில் பெரிதாகப் படம் போட்டிருக்கிறார்களே, கறுப்பு இறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளி வைத்த பூச்சி, அதன் புழுவுக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை வகை இலைகள்தான் சாப்பாடு. தமிழில் அதற்குப் பெயரே கறிவேப்பிலை அழகி! பலகையில் 'காமன் மார்மன்' என்று தமிழ் எழுத்தில் எழுதி ஒப்பேற்றிவிட்டார்கள். நம்மில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெயரிலேயே விஷயம் விளங்கியிருக்கும்.

கறிவேப்பிலை அழகிக்குத் தோட்டம் போட இடம் வேண்டுமென்று கறிவேப்பிலையை வெட்டியிருக்கிறார்கள்.

என் மகன் தொடக்கநிலை இரண்டில் இருந்தபோது அந்த மரத்து இலையில் குருவி எச்சம் கிடக்கிறதென்று குச்சியால் தள்ளப் போனான். எச்சம் நகர்ந்தது. வீடே அதிரக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். சின்னதாக இருக்கும்போது அந்தப் புழு அப்படித்தான் இருக்கும், பறவை தொடாது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், கூடவே ஒரு நாற்றம். பத்தாவது மாடி சீன அங்கிள் பேத்தியைக் கூட்டிவந்து அந்தக் கொம்பைக் காட்டாத சனிக்கிழமை இல்லை. எதிர்வீட்டு மலாய்க்கார மக்ச்சிக், அதாவது ஆன்ட்டி, மீன்கறி வைக்கும் நாளில் நாலு கொத்து ஒடித்துப் போவார். ஆனால் பாருங்கள், ரிப்பன் வெட்டாததால் அது இயற்கைத் திட்டம் ஆகவில்லை.

"பொது இடத்தில் அனுமதி இல்லாமல் நட்டது தப்புதானே?" தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். புல் வெட்ட வருகிறவர்கள் பதினெட்டு வருடமும் அந்தத் தப்பைச் சுற்றித்தான் வெட்டிவிட்டுப் போனார்கள். அதுவரை யார் கண்ணிலும் படாத தப்பு, ரிப்பனுக்கு இடம் தேவைப்பட்டதும் பட்டுவிட்டது.

"மரம் இருந்தால் கொசு வரும்." ஐயா, ஏடிஸ் கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது, தாளிப்பில் இல்லை. புதுத் தோட்டத்து அழகுத் தொட்டிகளின் அடித்தட்டைக் குனிந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். இதே தண்ணீர் என் வீட்டுத் தட்டில் நின்று அதில் புழு நெளிந்தால் எனக்கு 200 வெள்ளி அபராதம்.

"சமூகத் தோட்டத்தில் சேர்ந்துகொள்ளலாமே?" அந்தத் தோட்டங்களுக்கான கம்யூனிட்டி இன் புளூம் திட்டம் 2005இல் தொடங்கியது, நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். நம் பேட்டைத் தோட்டத்துக்கு வேலி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சாவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்குமேல் எழுதினால் எனக்குத்தான் வம்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தமில்லை என்று நினைத்தால் தாண்டிப் போங்கள். என் அப்பா பொதுப்பணித் துறையில் மரம் நட்ட தொழிலாளி. 1963இல் ஃபேரர் சர்க்கஸ் சாலைச் சந்திப்பில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ மெம்பாட் மரம் நட்டார். அது எல்லாருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் லாரியில் போய் இறங்கி, குழி வெட்டி நட்டவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். சாலையோர நிழல் மரமான அங்சானாவைக் கன்றாக நடமாட்டார்கள், பெரிய கிளையை வெட்டி அப்படியே குழியில் இறக்குவார்கள், அது வேர் பிடித்துவிடும் என்பார். சாலைக்கு நிழல் சீக்கிரம் வேண்டுமே. அவர் நகக்கண்ணில் மண் இல்லாமல் நான் பார்த்ததில்லை. 2006இல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது, பழைய வீட்டுத் தொட்டிச் செடியின் வேரில் முளைத்த கன்றைப் பெயர்த்து, இடுப்பு வலியோடு கீழே இறங்கி அவர் கையால் வைத்த மரம் அது. காரியம் முடிந்ததும் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போடுவது என்று பேச்சுக்குச் சொல்வோம். எங்களுக்கு நிஜமாகவே நடந்தது.

இப்போது 2020இலிருந்து நாடு முழுக்கப் பத்து லட்சம் மரம் நடுகிறோம். நடட்டும், சந்தோஷம். அந்தக் கணக்கில் அப்பாவின் மரம் எப்போதும் இருந்ததில்லை, அதனால் வெட்டியதும் கணக்கு குறையவில்லை. மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரியும் பதினொரு இலக்கத்தில் ஒரு எண்ணும் வந்தன.

வெட்ட வந்த பையன் புதுக்கோட்டைப் பக்கம். கையில் ரம்பம், முகத்தில் சங்கடம். "அக்கா, ஆர்டர் வந்துருச்சு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. முதல்ல இலையைப் பறிச்சுக்கங்க" என்றான். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவனும் என்னோடு உருவினான். இரண்டு பிளாஸ்டிக் பை நிறைந்தது. ஒரு கொத்தை மட்டும் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தான். அதில் இரண்டு புழு. இந்த விஷயத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

"தேக்கா சந்தையில் ஒரு வெள்ளிக்குக் கிடைக்குமே" என்றவருக்கு: வாங்கினேனே. மரத்து இலை மூன்று நாளில் வாடிவிட்டது, தேக்கா இலையைக் கழுவிப் போட்டேன். தின்ற ஒரு புழு மறுநாள் சுருண்டு கிடந்தது. என்ன மருந்து அடித்திருந்தார்களோ. இன்னொன்றுக்கு மக்ச்சிக் தன் லீமாவ் (எலுமிச்சை) தொட்டியிலிருந்து தினமும் இலை கொடுத்தார்.

அது போன வியாழக்கிழமை கூடு கட்டியது. இடம் பார்த்ததே, துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனி. ஆறாவது மாடியில் ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே துணி தொங்குகிறதே, ஏன் என்று குழுவில் கேட்டீர்களே, அதனால்தான்.