உங்கள் ஆட்டத்துக்கு எத்தனை கோடி?

சிட்னியில் இப்போது யாரும் ரக்பி பார்ப்பதில்லை; ரக்பியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். யார் பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி ட்ரை வைத்தான், யார் யாரைத் தூக்கி அடித்தான் என்பதெல்லாம் பழங்கதை. எவனுடைய ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிக்காரன் எத்தனை கோடி கொடுத்தான் என்பதுதான் பேச்சு. ரக்பி இங்கே ஓர் ஆட்டமில்லை, இரண்டு: லீக், யூனியன். யூனியனைவிடத் தனக்குப் பத்து மடங்கு என்று லீக்காரனுக்கு மிதப்பு. 2027இல் உலகக் கோப்பை இங்கேதான் நடக்கிறது, அப்போது பார் என்று யூனியன்காரனுக்கு வீறாப்பு. இருவருமே மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவர்கள். தன் சட்டைப்பையிலிருந்து உருவப்பட்ட பணத்தை எண்ணிப் பார்த்து "அடேயப்பா, எவ்வளவு பெரிய தொகை!" என்று பூரித்துப்போகிறவர்களை வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா?

நான் கண்டேன். போன சனிக்கிழமை, ஒரு பிறந்தநாள் விழாவில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

ஒருவர் என் அத்தான். பரமட்டா லீக் அணியின் நீலமும் மஞ்சளும் கலந்த சட்டை, கையில் மட்டன் ரோல்ஸ். மற்றவர் டாக்டர் அண்ணன். ஊரின் வடக்குக் கரையில் வீடு, பிள்ளைகள் தொப்பியும் கழுத்துப்பட்டையும் அணிந்து போகும் தனியார் பள்ளி, ஆகவே யூனியன். இந்த ஊரில் ஒருவன் எந்த ரக்பி பார்க்கிறான் என்று சொன்னால் போதும், அவன் வீட்டு விலையை நான் சொல்லிவிடுவேன். சுவரில் பெரிய திரை. அதில் பரமட்டா ஆடிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்க வந்தது அதைத்தான்.

டாக்டர் அண்ணன் மெதுவாகத் தொடங்கினார். "தம்பி, எங்கள் ஆட்டத்துக்குப் புதிய ஒப்பந்தம் போட்டாயிற்று. 2030 வரை. 20 கோடி டாலருக்கு மேல்."

அத்தான் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எத்தனை ஆண்டுக்கு?"

"ஐந்து."

"ஐந்துக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வில்லன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். "எங்களுக்கு ஐந்துக்கு எவ்வளவு தெரியுமா? 200 கோடிக்குப் பக்கம். 2027இல் அது முடிகிறது. அடுத்ததைப் பாருங்கள்." சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்தார். கணிப்பானைத் திறந்தார். ஐந்தால் வகுத்தார். வாரத்தால் வகுத்தார். ஆட்டத்தால் வகுத்தார். அதோடு நின்றாரா? நிமிடத்தால் வகுத்தார்! இரண்டு ஆட்டமும் எண்பது நிமிடம்தானே என்றார் டாக்டர் அண்ணன். அப்படியெல்லாம் சேர்த்துக்கொள்ள முடியாது, உங்கள் ஆட்கள் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் சரிந்து விழுந்து, நடுவர் எழுப்பி, மறுபடி சரிந்து விழும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும் என்றார் அத்தான். அப்படியானால் ஒருவன் ஓடி, விழுந்து, எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவதையே ஐந்து தரம் செய்துவிட்டு உதைத்துத் தள்ளும் உங்கள் நேரத்தை எதில் சேர்ப்பது என்றார் டாக்டர். கழித்தார்கள். மறுபடி வகுத்தார்கள். என் தலைக்கு மேலாக ஒருவர் கைபேசியை மற்றவர் வாங்கிப் பார்த்தார். சதத்தில் தவறு இருக்கிறதாம்.

இதற்குள் திரையில் ஒரு ட்ரை விழுந்துவிட்டது. அத்தானின் மகன் "அப்பா! அப்பா!" என்று துள்ளுகிறான். அப்பா வகுக்கிறார். காணொளி நடுவர் முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்தார். கோட்டைத் தொட்டதா என்று பெரிதாக்கிக் காட்டினார்கள். தீர்ப்பு வந்தது. உதை விழுந்தது. விளம்பரமும் வந்துவிட்டது. என் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே அந்தக் கைபேசி போய்வந்துகொண்டிருந்ததில், பரமட்டா அந்தப் புள்ளிகளை எடுத்ததா கொடுத்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. "யார் வைத்தது?" என்று அத்தானைக் கேட்டேன். "அதை விடு, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது பார்" என்றார்.

அப்போதுதான் மெல்பேர்னிலிருந்து வந்திருந்த சித்தப்பா வாயைத் திறந்தார். அதுவரை மூலையில் இருந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தவர். "எங்கள் ஊர்க் கால்பந்து இருக்கிறதே, ஏ.எஃப்.எல்., அதற்கு ஏழு ஆண்டு. 450 கோடி."

கணிப்பான் அணைந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தானும் டாக்டர் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே குரலில், "அது ஒரு விளையாட்டா?" என்றார்கள். அடுத்த அரைமணி நேரம் இருவரும் உடன்பிறந்தவர்கள்போலச் சேர்ந்து சித்தப்பாவைக் குதறினார்கள்.

இந்தக் கூத்து என் உறவினர் வீட்டுக்கு மட்டும் உரியதென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆட்டங்களை நடத்துகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்! 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில், ஒரு ஹோட்டலில், வடக்கத்திய கிளப்புகள் யூனியனிலிருந்து பிரிந்து லீக் ஆனது எதற்காக? சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள், சனிக்கிழமை ஆடப்போனால் இழக்கும் கூலியையாவது கொடுங்கள் என்றார்கள். ஐயையோ, காசா, விளையாட்டின் தூய்மை என்னாவது என்று பெரிய மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தத் தூய்மையை யூனியன் நூறு ஆண்டு அடைகாத்தது. லீக் ஆடப்போனவன் திரும்பி வந்தால் தீட்டு. 1995 ஜூனில் ஊடக முதலாளி ருப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம் பத்து ஆண்டுக்கு 55.5 கோடி அமெரிக்க டாலர் என்றது. தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கையெழுத்துப் போட்டன. ஆகஸ்டில் தூய்மைக்குக் கருமாதி.

அதே ஆண்டு அதே மர்டாக் என்ன செய்துகொண்டிருந்தார்? கட்டணத் தொலைக்காட்சிக்குத் தீனி வேண்டும் என்று லீக் ஆட்டக்காரர்களைக் கட்டுக்கட்டாகப் பணம் காட்டி இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே நைன் தொலைக்காட்சியின் முதலாளி கெர்ரி பாக்கர். 1997இல் ஒரே ஊரில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு போட்டித் தொடர்கள். மறுஆண்டு ஒட்டுப்போட்டு என்.ஆர்.எல். என்ற ஒரே தொடர் ஆக்கினார்கள். அந்தச் சமாதானத்தின் செலவில் 1908 முதல் ஆடிவந்த சவுத் சிட்னி அணியையே தூக்கி வெளியே போட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கி, வழக்கும் போட்டு, 2002இல்தான் திரும்ப உள்ளே வந்தது. போட்டியாம் போட்டி! அன்றைக்கு யூனியன், லீக் என்று இரண்டு பக்கமும் காசோலை எழுதியது ஒரே கை.

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது? லீக்கின் மாநிலப் போட்டியான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் யாரிடம்? நைன். யூனியனின் தேசிய அணி வாலபீஸ் யாரிடம்? அதே நைனும் அதன் இணையச் சேவை ஸ்டானும். படியளப்பவர் ஒருவரே, நெல்லுக்குத்தான் சண்டை. வாரத்தின் எல்லா லீக் ஆட்டமும் வேண்டுமா, கட்டணத் தொலைக்காட்சி ஃபாக்ஸ்டெல் பக்கம் போ. யூனியனும் முன்பு அங்கேதான் இருந்தது. 2021 முதல் இந்தப் பக்கம் குடிவந்துவிட்டது. இரண்டையும் பார்க்கிற பாவிக்கு இரண்டு சந்தா. ஒப்பந்தத் தொகை ஏறினால் செய்தித்தாளில் "விளையாட்டுக்கு வெற்றி" என்று தலைப்பு வரும். அடுத்து என் மின்னஞ்சலுக்கு "உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க" என்று ஒரு கடிதம் வரும். என் அனுபவம் ஏற்கெனவே சிறப்பாகத்தான் இருந்தது ஐயா.

வாங்கிய பணத்தையாவது ஒழுங்காகச் செலவழிக்கிறார்களா? 2023இல் யூனியனை நடத்தும் ரக்பி ஆஸ்திரேலியா 8 கோடி டாலர் வரை கடன் வசதி வாங்கியது. அதே ஆண்டு லீக்கிலிருந்து ஜோசப் சுவாலியி என்ற இளைஞரைப் பெருந்தொகைக்குப் பேசி முடித்தது. பையன் அருமையான ஆட்டக்காரர், ட்விக்கன்ஹாமில் முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்தை வீழ்த்திய அணியில் இருந்தார், அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 2024 முடிவதற்குள் மெல்பேர்ன் ரெபெல்ஸ் என்ற முழு அணிக்கே கதவடைப்பு. லீக் பக்கம் பப்புவா நியூ கினிக்கு 2028இல் ஓர் அணி. பத்து ஆண்டுக்கு 60 கோடி டாலர் கொடுப்பது ஆஸ்திரேலிய அரசு. பசிபிக்கில் சீனாவைத் தள்ளிவைக்க ரக்பி அணி. சந்தாவையாவது கோபம் வந்தால் நிறுத்தலாம். வரியை எங்கே போய் நிறுத்துவது?

இவ்வளவு பரமவைரிகளும் 2025இல் திடீரென்று ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆர்360 என்ற புதிய ரக்பி தொடர்க்காரன் ஒருவன் மூன்றாவது பணப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அங்கே போகிறவனுக்குப் பத்து ஆண்டுத் தடை என்றது லீக். அங்கே ஆடுகிறவன் நாட்டுக்கு ஆட முடியாது என்றன ஆஸ்திரேலியா உட்பட எட்டு யூனியன்கள். அதைப் படித்தபோது எனக்கு அத்தான் முகமும் டாக்டர் அண்ணன் முகமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன.

"இவ்வளவு புலம்புகிறாயே, சந்தாவை நிறுத்திவிட்டு மைதானத்துக்கே போய்ப் பாரேன்" என்று மனைவி சொல்கிறாள். போகலாம்தான். எதில் போவது? சனி ஞாயிறு வந்தால் ரயில் பாதையில் பராமரிப்பு வேலை. ரயிலுக்குப் பதில் பஸ். அந்த பஸ் எங்கே நிற்கும் என்று நிலையத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்டவரைக் கேட்டால், அவர் எதிர்ப்பக்கம் கை காட்டுவார். எதிர்ப்பக்கம் போனால் அங்கே இன்னோர் ஆரஞ்சுச் சட்டை இந்தப் பக்கம் கை காட்டும். ஓட்டுநருக்கு வழி தெரியாது. பயணிகள் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலம் முதல் அந்தப் பாதையைத் திருத்துகிறார்கள். தண்டவாளம் இரண்டே இரண்டு கம்பிதானே ஐயா, அப்படி என்னதான் திருத்துகிறீர்கள்?