எண்டர் தட்டினா பேரை மாத்தச் சொல்லுது

கொழும்புல வேலை செய்யிற அண்ணன் அனுப்பிவச்ச மேக் (ஆப்பிள் கம்ப்யூட்டர்) இப்ப ஹட்டன்ல எங்க வீட்டு மேசையில. எனக்கோ விண்டோஸ்ல பழகின கை. கண்ட்ரோல் கீ செஞ்ச வேலையெல்லாம் இதுல கமாண்ட் கீக்குப் போயிருச்சு. சிவப்புப் புள்ளியை அழுத்தினா விண்டோ மட்டும் மூடுது, புரோகிராம் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பைலைத் திறக்க எண்டர் தட்டினா பேரை மாத்தச் சொல்லுது! சரி, இதெல்லாம் பழகிரும்னு வைங்க.

தாங்க முடியாதது தமிழ் டைப்பிங்தான். பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துரு முறையில கீபோர்டைப் பார்க்காமலே அடிச்சவ நான். இதுல தமிழ்99, அஞ்சல்னு வேற கீபோர்டு முறைகள்தான் இருக்கு. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடிக்கணும். இன்னொண்ணு, என் பழைய ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் முறையில ஃபார்மேட் பண்ணினது. மேக்ல அதுல இருக்கிறதைத் திறந்து பார்க்கலாம், புதுசா ஒண்ணும் சேமிக்க முடியாது. நாளைக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் குடுக்கணும். ராத்திரி 11 மணியாச்சு, இன்னும் முதல் பக்கமே முடியல!