செட்டிநாட்டில் காக்க வேண்டியது ஊரை

செட்டிநாட்டு வீடு என்று பேச்செடுத்தாலே பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று பட்டியல் வந்துவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஊர் இருக்காது. என் கவலை அதுதான்.

கானாடுகாத்தானில் ஒரு தெருவில் நின்று பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேரான தெரு. பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். வறண்ட சீமையில் வாழத் தெரிந்தவர்கள் கட்டிய ஊர் அது. நடுவில் ஒரு வீட்டை இடித்து, மனையை மேடாக்கி, கான்கிரீட் எழுப்பினால் வீட்டோடு சேர்ந்து தண்ணீரின் வழியும் போய்விடும்.

மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டம் தனித்தனி நினைவுச் சின்னங்களை மனதில் வைத்து எழுதியது. கோயிலுக்கும் கோட்டைக்கும் சரி. குடும்பங்கள் பூட்டியும் திறந்தும் வைத்திருக்கிற வீடுகளால் ஆன ஊருக்கு அது போதாது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தது, அதுவும் கிராமத் தொகுப்புகளாகவே. ஆனால் அந்தப் பட்டியலால் ஒரு கடப்பாரையைக்கூட நிறுத்த முடியாது.

இங்கிலாந்தில் 1967-லேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். தனிக் கட்டடங்களுக்கு இருந்த பாதுகாப்போடு, தெருவும் மரமும் திறந்தவெளியும் சேர்ந்த பகுதியையே பாதுகாக்கச் சட்டம் வந்தது. இன்று அங்கே அப்படி ஏறக்குறைய 10,000 பகுதிகள், சின்னஞ்சிறு கிராமங்கள் உட்பட. அந்தப் பகுதிகளில் பொதுவாக ஒரு மரத்தை வெட்டுவதென்றாலே ஆறு வாரம் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதற்காக நம்மூரில் வீட்டை இடிப்பவர்களை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு நாட்டில். ஓடு மாற்ற யார் காசு போடுவது? தேக்குத் தூணுக்கோ காரைக்குடியின் பழைய சாமான் கடைகளில் உடனே விலை கிடைக்கும். வெறும் தடை மட்டும் வந்தால் பூட்டிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் மழை இடித்துவிடும். மராமத்துக்கு மானியம் வேண்டும், சொத்து வரியில் சலுகை வேண்டும். முக்கியமாக, சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார்களுக்குத் தொடர்ந்து வேலை வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உள்ளுக்குள்ளேயே உதிர ஆரம்பிக்கும். நல்லெண்ணத்தில் செய்யும் ‘ரிப்பேர்’ பல வீடுகளைக் கெடுப்பது இப்படித்தான்.

முதலில் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்ளட்டும். அதன் தெருக்கள், வாய்க்கால்கள், ஊரணிகள், வீடுகள் அத்தனையையும் வரைபடத்தில் ஏற்றட்டும். இடிக்க அனுமதி கேட்டு மனு வந்தால், அந்த வரைபடத்தைப் பார்த்து மறுக்கும் அதிகாரத்தைப் பேரூராட்சிக்கும், பழுதுபார்க்கும் பணத்தை வீட்டுக்காரர்களுக்கும் ஒரே ஆணையில் கொடுக்கட்டும்.