தண்டல் அட்டை ஆதாரம் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை கட்டுரைப் போட்டிப் பரிசளிப்பு விழாவில் நடந்ததைப் பற்றி இன்பாக்ஸில் நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மேடையில் நடுவர் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. "இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க கதை நல்லா சொல்றாங்க. ஆனா நாங்க கேட்டது கட்டுரை. கட்டுரைன்னா ஆதாரம் வேணும்."

இதைச் சொல்லிவிட்டு ஆறுதல் பரிசை எங்கள் வாசிப்புக் கூட்டத்துப் பிள்ளை கையில் கொடுத்தார். அவளும் "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

முதல் பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமே இல்லை. போட்டி என்றால் யாராவது ஒருவர்தான் ஜெயிக்க முடியும். அவள் எழுதியதைக் கதை என்று சொன்னார்களே, அதுதான் வருத்தம்.

அவள் வடசென்னையில் காசிமேட்டுப் பிள்ளை, பத்தாவது படிக்கிறாள். போட்டித் தலைப்பு 'என் ஊர்'. மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி எழுதினாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. அது தேவைதான் என்று அவளே முதல் பத்தியில் எழுதியிருக்கிறாள். 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது, அதையும் எழுதியிருக்கிறாள். சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அதனால் பெரியப்பா போகிறார், விசைப்படகில் கூலிக்குப் போகிற அப்பா வீட்டில் இருக்கிறார். ஒரே குடும்பத்துக்குள் இந்த வித்தியாசம் என்ன செய்கிறது என்று ஒரு பக்கம். டீசலும் ஐஸும் கழித்து மிச்சத்தில் எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று ஒரு பக்கம்.

அப்புறம் அந்தத் தண்டல் அட்டை. தண்டல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அட்டையில் கையெழுத்து விழும். அவள் அம்மாவின் அட்டையைப் பார்த்துத் தேதிவாரியாக நோட்டில் காப்பி எடுத்து, கட்டுரையோடு இணைத்திருந்தாள். ஏப்ரல் பாதி வரை தினமும் கையெழுத்து. அப்புறம் இரண்டு நாளுக்கு ஒன்று. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அரசு நிவாரணம் 8,000 ரூபாய் பேங்க்கில் ஏறிய மறுநாள் ஒரே வரிசையில் பல கட்டங்களுக்குக் கையெழுத்து. அதற்கடுத்து ஒரு புது அட்டை, பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு கொடுத்த புதுக் கடன். தண்டல்காரர் பெயரை மட்டும் மறைத்திருந்தாள். "பேர் போட்டா அம்மாவுக்கு அடுத்த வாட்டி தர மாட்டாங்க மிஸ்" என்றாள்.

இது ஆதாரம் இல்லை என்றால் வேறு எது ஆதாரம்?

திருப்பித் தந்த தாளில் நடுவர் குறிப்பு இருக்கிறது. 'தரவுகள் போதாது. கற்பனை கலந்தது. பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்.' அம்மா சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்: "கடலுக்கு லீவு வுட்டாங்க, தண்டல்காரனுக்கு யாரு லீவு வுட்டா?" அதன் கீழே சிவப்பு மையில் கோடு. அந்தக் கட்டுரையிலேயே உயிர் உள்ள வரி அதுதான் சார். அந்தம்மா பேசிய பேச்சைத் திருத்தினால்தான் அது கற்பனை.

'அப்போ கட்டுரைக்கு மேற்கோளும் புள்ளிவிவரமும் வேண்டாம் என்கிறீர்களா' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வேண்டும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்கிறோம். கேட்டதை இன்னொரு ஆளிடமும் கேட்டுச் சரிபார், தேதி எழுது, யார் சொன்னது என்று குறித்துக்கொள். அவள் அம்மா சொன்னதைப் பக்கத்து வீட்டிலும் கேட்டாள். அடகுக் கடை ரசீதை வாங்கிப் பார்த்தாள். எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள், அவர் பங்குக் கணக்கில் ஒரு இடத்தைத் திருத்தினார். பெரியவர்கள் ஆராய்ச்சி என்ற பெயரில் செய்வதும் இதைத்தானே? புத்தகத்தில் அச்சானால் தரவு, பிள்ளையின் அம்மா சேலையில் முடிந்து வைத்திருக்கும் அட்டையில் இருந்தால் கற்பனை. இது என்ன நியாயம்?

'உங்க ஸ்டூடன்ட், அதான் பேசுறீங்க.' ஆமாம், என் பிள்ளைதான். அதனால்தான் அவள் எப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் பரிசு ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிய கட்டுரைக்கு. எழுதிய பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, தயவுசெய்து யாரும் அவனை இழுக்காதீர்கள். 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில், இன்னும் நிற்கிற பழைய கட்டடம், எல்லாம் சரியான தகவல். ஆனால் அதில் இன்றைய ராயபுரம் ஒரு இடத்தில்கூட இல்லை. ஸ்டேஷன் வாசலில் உட்காருகிற ஒரு மனுஷிகூட இல்லை. அந்தப் பையனிடம் "நீ அங்கே போய் யாரிடம் பேசினாய்?" என்று ஒரு நடுவராவது கேட்டிருந்தால் அவனும் இன்னும் நல்ல கட்டுரை எழுதியிருப்பான். இணையத்தில் இருப்பதைத் திரும்ப எழுதுகிற பிள்ளைக்கு முதல் பரிசு, வீட்டில் நடப்பதை எழுதுகிற பிள்ளைக்கு ஆறுதல் என்றால், அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதற்கு அந்த மில் தொழிலாளிகள்தான் காரணம். சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள், சங்கத் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் காது கொடுத்துக் கேட்டார்கள். யாரும் அவர்களிடம் புள்ளிவிவரம் கொண்டு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. தாத்தா பின்னாளில் அங்கே சேர்ந்தவர். எந்த டிபார்ட்மென்ட், எந்த மிஷின், ஷிப்ட் முடிந்து எந்த வழியாக வீட்டுக்கு வருவார், எங்கள் வீட்டில் இன்று ஒருவருக்கும் தெரியாது. மில்லும் 1996ல் மூடியாகிவிட்டது. தலைவர்களைப் பற்றிப் புத்தகம் கிடைக்கிறது. தாத்தாவைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அன்றைக்கு வீட்டில் ஒரு பத்தாவது படிக்கிற பிள்ளை உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

'எல்லாத்துலயும் ஏரியாவைக் கொண்டு வராதீங்க' என்று ஒரு நண்பர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். "இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க" என்று மைக்கில் ஆரம்பித்தது நான் இல்லை நண்பரே. வேலைக்கு மனு போடும்போது வியாசர்பாடி என்று எழுதாமல் பெரம்பூர் என்று எழுதுகிற வீடுகளை உங்களுக்குத் தெரியுமா? நானும் எழுதியிருக்கிறேன். ஒரு இன்டர்வியூவில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு "ஓ, அந்த ஏரியாவா" என்று ஒருவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சினிமா எங்களைக் கத்தியோடு காட்டும், செய்தி எங்களை வெள்ளத்தோடும் எண்ணெய்க் கசிவோடும் காட்டும். எங்கள் பிள்ளை எங்களைப் பற்றித் தானே எழுதினால் அது கதையாகிவிடும்.

இதைப் பற்றிப் பதிவு போடாதீர்கள், அடுத்த வருஷம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வரும் என்று சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் அமைப்பின் பெயரையும் நடுவர் பெயரையும் எங்கேயும் எழுதவில்லை. பின்னூட்டத்தில் நீங்களும் எழுதாதீர்கள். ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான். பரிசை மாற்ற வேண்டாம். அவள் தாளில் இருக்கும் 'கற்பனை கலந்தது' என்ற குறிப்பை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு அவளிடம் திருப்பிக் கொடுங்கள். அவள் எதையும் கற்பனை செய்யவில்லை.

நேற்று கூட்டத்துக்கு வந்தாள். அடுத்து ஐஸ் பற்றி எழுதப் போகிறாளாம். கடலுக்குப் போகிற படகில் எவ்வளவு ஐஸ் ஏறுகிறது, அது எங்கே தயாராகிறது, தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள். காசிமேடு பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் பேச முடிகிறவர்களாக இருந்தால் நல்லது, மற்ற நாளில் அவளுக்கு ஸ்கூல் இருக்கிறது.