கம்பனி போனாலும் கார் ஓட வேண்டும்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டதிலிருந்து ஹட்டனில் நாலு பேர் கூடினால் பேச்சு கார் பக்கம் போய்விடுகிறது. எந்த பிராண்ட், மாதம் எவ்வளவு லீசிங், ஸ்கிரீன் எத்தனை அங்குலம். 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடம் அடைத்துக் கிடந்த கதவு, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் காரைச் செய்த கம்பனி இன்னும் இருபது வருடம் இருக்குமா? அது இல்லாமல் போனால் இந்தக் கார் ஓடுமா?

பணக்கார நாடுகளில் இது பெரிய கேள்வி இல்லை. கொஞ்சக் காலம் ஓட்டிவிட்டு மாற்றிவிடுவார்கள். நமக்கு அப்படியா? விலையோடு வரியும் சேர்ந்து ஒரு கார் ஒரு வீட்டின் விலைக்கு வந்து நிற்கிறது. அதனால் அது மூன்று நாலு குடும்பங்களின் கை மாறி முப்பது வருடம் ஓடியாக வேண்டும்.

மொரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரைப் பாருங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்தது. பற்சட்டத்தால் சில்லைத் திருப்பும் ரெக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்பக்கம் முறுக்கிக்கொண்டு குலுக்கலைத் தாங்கும் டோர்ஷன் பார் கம்பி. அந்தக் காலத்துச் சின்னக் காருக்கு இவை பெரிய விஷயங்கள். வளைவில் சொன்ன பக்கம் திரும்பும். 16 இலட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். செய்த கம்பனிக்கு என்ன ஆனது? 1952இல் ஒஸ்டின் கம்பனியோடு சேர்ந்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஆனது. 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட். 1975இல் நட்டம் தாங்காமல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. கடைசியில் மிஞ்சிய எம்ஜி ரோவரும் 2005இல் விழுந்தது. ஒஸ்டின், மொரிஸ், ட்ரயம்ப், ரோவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒரே வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டன. ஓயாத வேலைநிறுத்தம், இறங்கிப்போன தரம். எம்ஜி என்ற பெயர் இன்று ஒரு சீனக் கம்பனியிடம் இருக்கிறது.

மைனர் மட்டும் இன்னும் ஓடுகிறது. பதுளைப் பக்கம் போனால் காணலாம். சாதாரண கராஜில் கழற்றிப் பூட்டக்கூடிய கார் அது. கார்புரேட்டரைத் துடைக்கத் தெரிந்தவர் எந்த ஊரிலும் இருந்தார். 1990களில் அதன் தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்! பிறந்த நாட்டில் கம்பனி சிதறிய பிறகு, அந்தக் காருக்குத் தகடு நம் நாட்டிலிருந்து போனது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

துரைமார் தோட்டத்தில் ஓட்டிய லேண்ட் ரோவரும் 1948தான். போர் முடிந்த நேரம், இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். பெரிய அச்சுகளுக்குச் செலவழிக்காமல் தட்டையான தகடுகளை வைத்தார்கள். பணமில்லாமல் எடுத்த அந்த முடிவுகள் நம் மழைக்கும் ரோட்டுக்கும் அப்படியே பொருந்தின. நெளிந்தால் தட்டி எடுக்கலாம். (அடிச்சட்டமான சேசிஸ் துருப்பிடிக்கும், அது வேறு கதை.) அந்தக் கம்பனியும் கை மாறிக் கை மாறி 2008இல் ஃபோர்டிடமிருந்து டாடாவுக்குப் போனது.

சரி, இப்போது வரும் கார்களுக்கு வருவோம். கதவு பூட்டுவதிலிருந்து பற்றரி சார்ஜ் ஆவது வரை எல்லாம் மென்பொருள். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின்கார்க் கம்பனி 2024 ஜூனில் வங்குரோத்து ஆனது. கார் வாங்கியவர்கள் மென்பொருளுக்கும் பாகங்களுக்கும் யாரிடம் போவது என்று தெரியாமல் தாங்களே சங்கம் அமைத்து அலைந்தார்கள். கார் புதுசு. கேட்க ஆளில்லை.

பெரிய கம்பனி என்றால் பயமில்லை என்பார்கள். நிசானை விடப் பழகிய பெயர் நமக்கு உண்டா? ஹொண்டாவோடு சேரப் போவதாகப் பேசி 2025 பெப்ரவரியில் அது முறிந்தது. மே மாதம் 20,000 பேரை வேலையிலிருந்து குறைப்பதாகவும் 17 தொழிற்சாலைகளைப் பத்தாக்குவதாகவும் அறிவித்தார்கள். 2010இலேயே லீஃப் மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். அதே நேரம், 1995இல் பற்றரி செய்ய ஆரம்பித்த சீனக் கம்பனி பிவைடி 2022இல் பெற்றோலில் மட்டும் ஓடும் கார்களையே நிறுத்திவிட்டு உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்து வருடத்தில் யார் மேலே, யார் கீழே என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் மின்காருக்கு எதிரி இல்லை. மலைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை டன் கார் 1,000 மீற்றர் கீழே இறங்கும்போது சுமார் 4 கிலோவாட் மணி சக்தி வெளிவருகிறது. பெற்றோல் காரில் அது பிரேக்கையும் எஞ்சினையும் சூடாக்கி வீணாகிறது. மின்கார் அதில் பெரும்பங்கைப் பற்றரிக்குத் திருப்பி எடுக்கும். (நுவரெலியாவில் நூறு வீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பற்றரியில் அந்தச் சக்திக்கு இடமில்லை.) லக்ஷபானவிலும் மேல் கொத்மலையிலும் நம் ஆற்றுத் தண்ணீரில் எடுக்கும் மின்சாரத்தில் நம் பிள்ளைகள் கார் ஓட்டுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

என் கவலை வடிவமைப்பில். பழைய லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் திரவம் கிடையாது, அதனால் சீக்கிரம் தேய்ந்தது. ஆனால் அதைத் தனியாக இறக்கித் திறந்து, கெட்ட பகுதியை மட்டும் மாற்றலாம். நம் ஊர்ப் பையன்கள் ஹைபிரிட் பற்றரிகளில் கற்ற வேலையை அதிலும் செய்கிறார்கள். இப்போது சில கார்களில் பற்றரியே காரின் தளமாகிவிட்டது. எடை குறைகிறது, உடம்பு உறுதியாகிறது, உண்மை. பதினைந்து வருடம் கழித்து அதைத் திறக்கப்போவது யார்?

அப்புறம் இந்த ஸ்கிரீன். நானுஓயாவில் திடீரென்று பனிமூட்டம் இறங்கும்போது கண்ணாடியைத் துடைக்க ஒரு பொத்தானைக் கை தானாகத் தேட வேண்டும். மெனுவுக்குள் போய்த் தேடும் நேரத்தில் எதிரே பஸ் வந்துவிடும். டெஸ்லா ஒரு மொடலில் சிக்னல் தண்டையே எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் பொத்தான் வைத்தது. ரம்பொடை வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியிருக்கும்போது அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கும்? கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கெப் அமைப்பு 2026 முதல், சிக்னல், வைப்பர், ஹோர்ன் போன்றவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய பொத்தானோ தண்டோ இல்லாத காருக்கு ஐந்து நட்சத்திரம் கிடைப்பதைக் கடினமாக்கிவிட்டது. நல்ல வேலை. ஸ்பெயார் வீலுக்குப் பதிலாக ஒரு பசைப் போத்தல் கொடுப்பதையும் யாராவது கேட்க வேண்டும். தோட்டத்து ரோட்டில் கல் குத்தி டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பசை ஒன்றும் செய்யாது.

வாகனம் கொண்டுவர அனுமதி கொடுக்கும் அரசாங்கம் இறக்குமதியாளரிடம் எழுதி வாங்கட்டும்: பதினைந்து வருடத்துக்குப் பாகங்கள், பழுது பார்க்கும் மென்பொருளும் கையேடும் வெளிக் கராஜ்களுக்கும் கிடைக்க வேண்டும், கம்பனி இல்லாமல் போனால் உதவ வைப்பாகக் கொஞ்சப் பணமும் வேண்டும். அது வரும்வரை நாமே கேட்போம். ஷோரூமில் அந்தக் காரைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக்கையும் கூட்டிப்போய்க் கீழே குனிந்து பார்க்க வையுங்கள். அவர் தலையாட்டும்வரை லீசிங் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.