கணக்கில் வராத கோல்கள்

கால்பந்து ஆட்டக்காரர் செபாஸ்டியன் ஜோவின்கோவுக்கு அவருடைய சொந்த நாடான இத்தாலி செய்தது அநியாயம். கண்ட இடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி நண்பர்களுக்குக் காது புளித்துவிட்டது. இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

ஆளின் உயரம் 163 சென்ரிமீற்றர். இத்தாலியில் வைத்த பட்டப்பெயர் ‘அணு எறும்பு’. ரூரினில் பிறந்து அந்த ஊரின் யுவென்ரஸ் கழகத்திலேயே வளர்ந்த பெடியன். 2011-12 பருவத்தில் பார்மா என்ற இன்னொரு இத்தாலியக் கழகத்துக்காக 15 லீக் கோல் அடித்ததும் யுவென்ரஸ் திருப்பி எடுத்தது. எடுத்து, கடைசியில் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலில் இருத்தியது. 2015 தொடக்கத்தில் ரொறன்ரோ எஃப்சிக்கு வந்தபோது வயது 28. அந்த வயதுதான் விஷயம். ரொறன்ரோ ஆடும் அமெரிக்க லீக்குக்கு அதே ஆண்டு வந்த ஐரோப்பிய நட்சத்திரங்கள் பிர்லோ, ஜெரார்ட், லம்பார்ட் மூவருக்கும் முப்பத்தைந்துக்குக் குறையாது. காசுக்குத்தான் போனான் என்று இத்தாலியில் பேசினார்கள். ஆண்டுக்கு 70 லட்சம் டொலர் என்று அப்போது செய்தி. சரி, காசுக்குத்தான் என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிய காசுக்கு என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாமா?

முதல் பருவத்திலேயே 22 கோல். வேறு ஆட்கள் அடிக்கக் கொடுத்தது 16. இரண்டிலும் லீக்கில் முதலிடம். அந்த லீக்கில் அதற்கு முன் ஒருவரும் செய்யாத வேலை. ஆனால் எனக்கு இந்த எண்களைவிட 2015 ஒக்ரோபர் 14 தான் பெரிது. முதல் நாள் இரவு இத்தாலி அணியுடன் ரோமில் நிற்கிறார். மறுநாள் விமானம் ஏறி ரொறன்ரோ வந்து, இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார். நியூயோர்க் ரெட் புல்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக மறிக்க வருகிறார்கள், ஒவ்வொருவராக விழுத்திவிட்டுப் போகிறார், கோல். 2007 இல் தொடங்கிய அணி, அந்த இரவுதான் முதன்முறையாகப் பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த களைப்பு எங்கே போனது என்று இன்றுவரை விளங்கவில்லை. (அந்தப் பிளேஓஃபில் மொன்றியலிடம் 3-0 என்று உதை வாங்கியது வேறு கதை. அதை விடுங்கள்.)

இத்தனைக்கும் பிறகு இத்தாலி அணியின் பயிற்சியாளர் அன்ரோனியோ கொன்ரே 2016 யூரோ கிண்ணப் போட்டிக்கு அவரை எடுக்கவில்லை. அடுத்து வந்த பயிற்சியாளர் வென்ரூரா இன்னும் ஒரு படி மேலே போய், அவர் ஆடுவது பெறுமதியில்லாத லீக், அங்கே எத்தனை கோல் அடித்தாலும் கணக்கில்லை என்ற பொருளில் பேசினார். ஒரு ஆட்டக்காரனின் காலைப் பார்க்காமல் முகவரியைப் பார்க்கிற புத்தி இது.

அந்த லீக்கின் 2016 டிசம்பர் இறுதிப் போட்டியும் நெஞ்சில் நிற்கிறது. விறைக்கும் குளிரில் 120 நிமிடம். சியாட்டில் அணி கோலை நோக்கி ஒரு பந்துகூடச் சரியாக அடிக்கவில்லை, ஆனாலும் பெனால்டியில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது. கூடுதல் நேரத்தில் ஜோவின்கோவை வெளியே எடுத்தபோதே எனக்கு வயிறு கலங்கியது. நம்மைத் தோற்கடித்த கோல்காப்பாளர் ஃப்ரை, முன்பு ரொறன்ரோவின் ஆள். வேறு என்ன சொல்ல!

இனி 2017 நவம்பருக்கு வாருங்கள். உலகக் கிண்ணத்துக்குப் போக ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு ஆட்டம். 180 நிமிடத்தில் வென்ரூராவின் இத்தாலி அடித்த கோல் பூச்சியம். ஜோவின்கோ இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பூச்சியத்தைவிடக் குறைவாக யாராலும் அடிக்க முடியாதே. அடுத்த மாதம் அந்தப் ‘பெறுமதியில்லாத’ லீக்கின் இறுதிப் போட்டியில் ரொறன்ரோ 2-0 என்று அதே சியாட்டிலை வென்றது. அந்த ஆண்டு மூன்று கிண்ணம்.

2019 ஜனவரியில் சவூதிக் கழகமான அல் ஹிலாலுக்குப் போனார். 83 கோலுக்குப் பிறகு அவரை நிர்வாகம் அனுப்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தாலியைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 2022 இல் இன்சீனியே, பெர்னார்டெஸ்கி என்ற இத்தாலியர் இரண்டு பேரும் இங்கே, ரொறன்ரோவுக்கு வந்தார்கள். யூரோ வென்ற அணியின் ஆட்கள், இத்தாலிக் கணக்கில் முழுப் பெறுமதி. 2025 இல் கிளம்பும்வரை ஒரு பிளேஓஃப்கூடக் காணவில்லை.