காக்கா ஆழி பெருகியதால் கொசஸ்தலை ஆறு சுத்தமாகிவிடவில்லை

"எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் காக்கா ஆழி, சிப்பி இனம் எந்த மாசையும் தாங்கி உறிஞ்சிவிடும், ஆறு சுத்தமாகிவிட்டது, தாராளமாகச் சாப்பிடலாம்" என்று, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூரைப் பற்றி வடசென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது.

காக்கா ஆழி தென் அமெரிக்கக் கரையோரத்திலிருந்து வந்த உவர்நீர்ச் சிப்பி இனம். உப்பின் அளவு ஏறி இறங்கினாலும் தாக்குப்பிடிப்பதால் அது பெருகுகிறது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரலில் இப்போது தட்டுப்படுவது மண்ணல்ல, நூலிழைகளால் பின்னிக்கிடக்கும் கறுத்த ஓடுகள்.

சிப்பிகள் நீரை வடிகட்டுவது உண்மைதான். ஆனால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அதனால் அழிவதில்லை, சதையில் சேர்கின்றன.

எந்த மாசையும் தாங்கும் என்பதோ சிப்பி வகையைச் சேர்ந்த நன்னீர் மட்டிகளுக்குச் சற்றும் பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றின் இளம்புழு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்ந்தால்தான் மட்டியாகும் என்பதால், கழிவில் மீன்கள் செத்தால், முதிர்ந்தவை பல்லாண்டு உயிரோடிருந்தும் அடுத்த தலைமுறை இராது. சாக்கடையின் அம்மோனியாவை அவற்றின் குஞ்சுகள் தாங்குவதில்லை. 2013-இல் அமெரிக்கா நன்னீருக்கான அம்மோனியா வரம்பைத் திருத்தியபோது இதையே முக்கியமாகக் கணக்கில் எடுத்தது. 2023 அக்டோபரில் அந்நாடு அற்றுப்போனதாக அறிவித்த 21 இனங்களில் 8 நன்னீர் மட்டிகள்.

மட்டிகள் அற்றுப்போனதை அந்நாட்டு மீன், வனவுயிர்த் துறையின் அறிவிப்பிலும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) சிவப்புப் பட்டியலிலும் சரிபார்க்கலாம். ஆற்றின் தரத்துக்குச் சான்று நீர்ப் பரிசோதனையே தவிர ஓடுகளின் எண்ணிக்கை அல்ல. அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம். பகிர்ந்திருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் இடுங்கள்.